மாஷோ பாட்டில் ஒரு குரலா, மூன்று குரலா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். 14-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிஞரும் இசையமைப்பாளருமான கியோம் டி மாஷோ பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். "அவருடைய சில பாட்டில் ஒரே ஒரு மெட்டுதான் இருக்கிறது, சிலவற்றில் மூன்று குரல்கள் சேர்ந்து போகின்றன. ஒற்றைக் குரல் பாட்டெல்லாம் ஆரம்ப காலத்தில் எழுதியதா? மூன்று குரல் பாட்டில் கீழே உள்ள இரண்டும் கிட்டார் கார்ட் மாதிரி துணைக்கு வருபவையா?"

இரண்டுக்குமே இல்லை என்பதுதான் பதில்.

ஒற்றைக் குரல் பழையது, பல குரல் வந்ததும் அது ஒதுங்கிவிட்டது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். பழையது என்பது சரிதான். 12-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் தெற்கே இருந்த ட்ரூபடூர்கள் என்ற கவிப்பாடகர்கள், அப்புறம் வடக்கே அவர்களைப் போலவே வந்த ட்ரூவேர்கள், இவர்கள் பாட்டில் மெட்டோடு கிடைப்பவற்றைச் சுவடிகளில் பார்த்தால் கவிதைக்கு மேலே ஒரே ஒரு மெட்டு எழுதியிருக்கும், பக்கவாத்தியத்துக்கென்று எதுவும் இருக்காது. இன்றைய பதிவுகளில் கேட்கும் மேளமும் வில்வாத்தியமும் இன்றைய கலைஞர்கள் யோசித்துச் சேர்ப்பவை. ஆனால் ஒதுங்கவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் வட பிரான்ஸின் ஆராஸ் நகரத்து ஆடம் டி லா ஆல் காதல் பாட்டை ஒற்றை மெட்டிலும், ரோந்தோ என்ற, பல்லவி திரும்பத் திரும்ப வரும் குட்டிப் பாட்டுகளை மூன்று குரலிலும் எழுதினார். ஒரே ஆள், இரண்டும் தெரிந்தவர், பாட்டின் வகையைப் பார்த்து முடிவு செய்கிறார்.

மாஷோவும் அப்படித்தான். அவர் எழுதிய 'ரெமீட் டி ஃபோர்ச்சூன்' என்ற நீண்ட கதைக் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள், 1340-களில் எழுதியதாகச் சொல்வார்கள். கதைக்கு நடுவே ஒவ்வொரு வகைக்கும் ஒன்றாகப் பாட்டுகளை மெட்டோடு வைத்திருக்கிறார். அதில் லே என்ற நீண்ட பாட்டு, புலம்பல் பாட்டு, விரலே என்ற ஆட்டப் பாட்டு எல்லாம் ஒற்றைக் குரல், கடைசியில் வரும் ரோந்தோ பல குரல். ஒரே படைப்புக்குள்ளேயே இரண்டும் இருக்கும்போது காலத்தை வைத்து எப்படிப் பிரிப்பது? அந்த விரலே வரும் இடத்தையும் கவனியுங்கள். வட்டமாகக் கைகோத்து ஆடுகிறார்கள், காதலனைப் பாடச் சொல்கிறார்கள், அவன் ஆடிக்கொண்டே பாடுகிறான். அங்கே மூன்று பேர் ஏட்டைப் பார்த்துப் பாடும் பாட்டு எப்படிப் பொருந்தும்? அவருடைய விரலேக்களில் பெரும்பாலானவை ஒற்றைக் குரல், பலாட் என்ற, ஒவ்வொரு கண்ணியும் ஒரே வரியில் முடியும் பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே பல குரல். எனக்கு அந்த ஒற்றைக் குரல் விரலேக்கள் மீது தனிப் பிரியம் உண்டு, அவற்றை முழுமை பெறாத பாட்டாக யாராவது பேசினால் மனது கேட்பதில்லை.

இப்போது கார்ட் விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் காது ஏமாறும். ஆடமின் ரோந்தோவில் மூன்று குரலும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதப்பட்டு, அடியில் உள்ள குரலுக்குக் கீழே ஒரே வரியாகச் சொற்கள் இருக்கும், மூவரும் அநேகமாக ஒரே நேரத்தில் ஒரே அசையைச் சொல்லிக்கொண்டு போவார்கள். மாஷோவின் பலாட்டில் குரல்கள் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும், சொற்கள் பெரும்பாலும் மேல் குரலான கான்டுஸுக்கு மட்டும்தான். அது சின்னச் சின்ன ஸ்வரங்களாக ஓடும். கீழே டெனோர் என்ற குரல் நீண்ட ஸ்வரங்களில் நிதானமாகப் போகும். இந்த இரண்டும்தான் பாட்டின் உயிர். கவிதை அடி முடியும் இடத்தில் இரண்டும் ஆறாம் இடைவெளியில், அதாவது ஒன்றிலிருந்து மற்றது ஆறாவது ஸ்வரமாக, நின்று, ஆளுக்கொரு படி விலகி எட்டாம் இடைவெளியில் போய்ச் சேரும், அதோடு காது நிறைந்துவிடும்.

மூன்றாவதாக வருவது கான்ட்ராடெனோர். அதுவும் டெனோர் இருக்கும் அதே உயரத்தில்தான் இருக்கும், சில சமயம் அதற்குக் கீழேயும் இறங்கும், தாவித் தாவி நடுவில் காலியாக இருக்கும் இடங்களை நிரப்பும். அதை எடுத்துவிட்டால் பாட்டு மெலிகிறது, ஆனாலும் நிற்கிறது. அதை வைத்துக்கொண்டு டெனோரை எடுத்தால் பல இடங்களில் கான்டுஸுக்கும் கான்ட்ராடெனோருக்கும் நடுவே வெறும் நாலாம் இடைவெளி அடித்தளமில்லாமல் தொங்கும். அன்றைய காதுக்கு அது நின்று இளைப்பாறும் இடம் இல்லை. கார்ட் என்றால் ஒரு அடுக்காக மொத்தமாக வந்து மெட்டைத் தாங்கும். இங்கே ஒவ்வொரு குரலும் தனக்கென்று ஒரு வழியில் நடக்கிறது, அந்த நேரத்தில் மூன்றும் சேர்ந்து ஒலிப்பதை நாம் பின்னால் கார்ட் என்று கேட்கிறோம்.

சொல் இல்லாத அந்தக் கீழ்க் குரல்களை வாத்தியத்தில்தான் வாசித்தார்கள் என்று ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். ஆங்கிலேய இசை ஆய்வாளர் கிறிஸ்டோபர் பேஜ் 1980-இல் தொடங்கிய காதிக் வாய்ஸஸ் குழு அவற்றையும் குரலிலேயே, உயிரெழுத்து ஒலியை மட்டும் வைத்துப் பாடிக்காட்டியது. ஹார்ப்பும் ஃபிடிலும் இருக்கும்போது ஒவ்வொரு குரலையும் பிரித்துக் கேட்பது சுலபம், குரல் மட்டும் இருக்கும்போது மூன்றும் இழையும் விதம் வேறு, எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நீங்கள் ஏதாவது ஒரு பலாட்டை எடுத்து, முதல் தடவை கான்டுஸை விட்டுவிட்டு டெனோரை மட்டும் கடைசி வரை பின்தொடர்ந்து கேளுங்கள், அப்புறம் முழுதாகக் கேளுங்கள்.