ஓஆர்எஸ் கேட்டா ஜூஸ் டப்பாவா?

வணக்கம் மக்களே! தாராவியிலேருந்து, வழக்கம்போல பின்னாடி தண்ணி டிரம் நிரம்புற சத்தத்தோட. இன்னிக்குக் கொஞ்சம் காட்டமாத்தான் பேசுவேன். பேதியாகுற பிள்ளைக்கு ஓஆர்எஸ், அதான் தண்ணியில கலக்கிக் குடுக்குற உப்பு-சர்க்கரைப் பொடி, கேட்டா, மெடிக்கல்ல இன்னும் ஆப்பிள் ருசி, ஆரஞ்சு ருசின்னு அட்டை டப்பாவை நீட்டுறாங்க. இந்த மாதிரி பானத்துப் பேர்ல ஓஆர்எஸ்னு போடவே கூடாதுன்னு 2025 அக்டோபர்லயே எஃப்எஸ்எஸ்ஏஐ, அதான் மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம், சொல்லியாச்சு. பேரை மாத்திட்டா சர்க்கரை குறைஞ்சிருமா? சர்க்கரை அதிகமானா குடலுக்குள்ள இன்னும் தண்ணி இறங்கும், பேதி கூடும்.

அசல் ஓஆர்எஸ் பொடி பாக்கெட் பின்னாடி பாருங்க. ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. இதான் அசல். குளுக்கோஸும் உப்பும் ஜோடியா போனாத்தான் குடல் தண்ணிய உறிஞ்சும்.

அடுத்து என் பழைய பாட்டு, டம்ளர்! சிரிக்காதீங்க. சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. நம்ம எவர்சில்வர் டம்ளர்ல 150-ம் இருக்கு, 250-ம் இருக்கு. தண்ணி கம்மியானா ரத்தத்துல உப்பு ஏறிடும், ஆபத்து. அதிகமானா பலன் இல்ல. அதனால ஒரு லிட்டருக்கான பெரிய பாக்கெட்டே வாங்குங்க. காலி ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலால அளந்து, முழு பாக்கெட்டையும் ஒரே தடவையா கொட்டிக் கலக்குங்க. ஸ்பூன்ல பிரிச்சுப் போடுற வேலையே வேணாம். மிஞ்சினா மிஞ்சட்டும், 24 மணி நேரம் தாண்டினா மோரியில, அதான் வீட்டுக்குள்ள பாத்திரம் கழுவுற இடத்துல, ஊத்துங்க. ஹெல்த் போஸ்ட்ல (அரசு சுகாதார மையம்) இலவசமாவே தர்றாங்க, இதுல என்ன சிக்கனம்?

ஆங், தண்ணி முன்னாடியே கொதிச்சு ஆறினதா இருக்கணும். கலந்தப்புறம் அடுப்புல ஏத்தக் கூடாது.

2 வயசுக்குள்ளன்னா ஒவ்வொரு தடவ போனதும் 50லேருந்து 100 மில்லி, அதுக்கு மேலன்னா 100லேருந்து 200. ஸ்பூன் ஸ்பூனா. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவா. வயித்தைக் காயப்போடுற யோசனை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தாய்ப்பால், கஞ்சி, எதையும் நிறுத்தாதீங்க.

ஜிங்க்கை, அதான் பேதிக்குக் குடுக்குற துத்தநாகச் சத்து மருந்தை, விட்டுட்டேனே! 6 மாசத்துக்கு மேல தினம் 20 மில்லிகிராம், 2லேருந்து 6 மாசத்துக்குள்ள 10. பேதி நின்னாலும் 14 நாள் முழுக்க.

டிரம்முக்குள்ள கைய விடாதீங்க, நீளக் காம்பு வெச்ச மக் போதும். கைக்குழந்தை மலம் சுத்தம்னு சாக்கடையில வீசுறாங்க பாருங்க, அதுலயும் அதே கிருமிதான். கழிவறையில கொட்டிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவுங்க, வெறும் தண்ணி பத்தாது.

கண்ணு குழி விழுந்தாலோ, பிள்ளை துவண்டு போனாலோ, எதையும் குடிக்கலைன்னாலோ, மலத்துல ரத்தம் வந்தாலோ வீட்ல வெச்சுப் பாக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரி. போற வழியிலயும் ஓஆர்எஸ் புகட்டிக்கிட்டே போங்க.