பத்து ரூபாய் காசும் ஒரு சிட்டுக்குருவிக் குடும்பமும்: ஒரே பலகையில் கூட்டுப்பெட்டி

(திரையில்: உள்ளங்கையில் ஒரு பத்து ரூபாய் காசு)

இந்தக் காசோட குறுக்களவு 27 மில்லிமீட்டர். இதைவிட வெறும் 5 மில்லிமீட்டர் பெரிசா ஒரு ஓட்டை போட்டா, சிட்டுக்குருவி உள்ள போகும், மைனா போகாது. இன்னும் கொஞ்சம் பெரிசாச்சுன்னா மைனா வீட்டையே பிடிச்சுக்கும். ஒரு குருவிக் குடும்பம் பிழைக்கிறது அந்த நூல் அளவுலதான் இருக்கு. வணக்கம் மக்களே, இன்னிக்கு அஞ்சடிப் பலகை ஒண்ணை வச்சு அந்த வீட்டைக் கட்டப் போறோம்.

குருவி ஏன் குறைஞ்சுதுன்னு நீளமா பேசப் போறதில்ல. செல்போன் டவர்தான் காரணம்னு சொல்வாங்க, அதுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. கண்ணுக்குத் தெரியுற காரணம் ஒண்ணு இருக்கு. ஓட்டு வீடும் கூரை வீடும் போய், பொந்தே இல்லாத கான்கிரீட் வீடு வந்துடுச்சு. தூக்கணாங்குருவி தானே கூடு பின்னிக்கும். சிட்டுக்குருவி அப்படி இல்ல, அதுக்கு ஏற்கெனவே ஒரு பொந்து வேணும். நம்ம வீட்டு இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி நீட்டிக்கிட்டு இருக்கிற கூரை ஓரம்தான் அதுக்கு அந்தப் பொந்து.

இங்க கொஞ்சம் நிக்கணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. குறுந்தொகையில 46ஆவது பாட்டு. காதலன் வெளியூர் போயிட்டான், சாயங்காலம் ஆகுது, அவன் போன ஊர்ல இந்த மாதிரி மாலைப்பொழுதே கிடையாதான்னு ஒருத்தி தோழிகிட்ட கேக்குறா. அந்த ஏக்கத்துக்கு நடுவுல அவ பாக்குறது குருவியை. பேரே 'மனையுறை குரீஇ'. மனையில குடியிருக்கிற குருவி! வாடின ஆம்பல் பூ மாதிரி சிறகு மடங்கி இருக்காம். முற்றத்துல காயுற தானியத்தைத் தின்னுட்டு, மன்றத்துல கிடக்கிற எருப்புழுதியில குளிச்சிட்டு, 'இல்லிறை'யில குஞ்சோட ஒடுங்குதாம். இல்லிறைன்னா வீட்டு இறவாணம்.

யோசிச்சுப் பாருங்க. குருவிக்கு என்ன வேணும்னு இன்னிக்கு ஒரு பறவை ஆர்வலர்கிட்ட கேட்டா இந்த மூணைத்தான் சொல்வார்: தானியம், புழுதி, பொந்து. அத்தனை நூற்றாண்டுக்கு முன்னாடியே முற்றத்துல நின்னு பார்த்து எழுதிட்டாங்க. நாம செய்யப் போற பெட்டி, அந்த இல்லிறையைத் திருப்பிக் கொடுக்கிறதுதான். உங்க ஊர்ல இறவாணத்துக்கு என்ன பேருன்னு கமெண்ட்ல எழுதுங்க, நான் எல்லாத்தையும் படிப்பேன்.

சரி, வேலைக்கு வருவோம். 6 அங்குல அகலம், அரை அங்குலக் கனம், 5 அடி நீளம். மாம்பலகை போதும், தேக்கு தேவையில்ல. பேக்கிங் பெட்டிப் பலகை எடுத்தா மேல இருக்கிற முத்திரையைப் பாருங்க. 'எச்டி' (HT)ன்னா சூட்டுல பதப்படுத்தினது, எடுத்துக்கலாம். 'எம்பி' (MB)ன்னா விஷப்புகை போட்டது, வேண்டாம்.

முதுகுப் பலகை 12 அங்குலம். முன்பக்கம் 8. அடி 5. கூரை எட்டரை. பக்கப் பலகை ரெண்டும் பின்னால 10, முன்னால 8 உயரம் வர்ற மாதிரி, 18 அங்குலத் துண்டை நடுவுல சாய்வா அறுத்தா ரெண்டும் ஒண்ணா கிடைச்சிடும்.

முன்பலகையில ஓட்டை. காசை வச்சு வட்டம் போட்டு, சுத்தி ரெண்டரை மில்லிமீட்டர் கூட்டிக்குங்க, 32 வந்துடும். அடிப்பலகையிலருந்து ஓட்டையோட கீழ் விளிம்புக்கு 5 அங்குலமாவது ஆழம் இருக்கணும்.

ஓட்டைக்குக் கீழ குச்சி வைக்காதீங்க. கடையில விக்கிற பெட்டி நிறைய அழகான குச்சியோட வருது. நானும் முதல் பெட்டியில வச்சேன். குஞ்சு பெரிசாகி, மஞ்சள் வாயோரம் தெரிய, ஓட்டை வழியா தலையை நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு காக்கா அந்தக் குச்சியில வாகா உக்காந்து இழுத்துட்டுப் போயிடுச்சு. தாய்க்குருவி சாயந்தரம் வரைக்கும் வாயில புழுவோட அந்தக் கொடிக்கம்பியிலயே உக்காந்திருந்துச்சு. அன்னிக்கே குச்சியை அறுத்தேன். குருவிக்குக் குச்சியே தேவையில்ல, ஓட்டை விளிம்பையே பிடிச்சு ஏறிடும்.

(திரையில்: முன்பலகையின் உள்பக்கம், மிக அருகில்)

இதைப் பாருங்க. உள்பக்கம் இழைப்புளி போடல. ஆணியால குறுக்குக் குறுக்கா கீறி விட்டிருக்கேன். குஞ்சு வெளிய வர இதுதான் ஏணி. வழவழன்னு இருந்தா கால் வழுக்கும். உள்ள பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம். அடியில நாலு மூலையிலயும் சின்ன ஓட்டை போடுங்க, தண்ணி தேங்காது. கூரைக்குக் கீல் வாங்க வேண்டாம். பழைய சைக்கிள் டியூப்பைப் பட்டையா வெட்டி, கூரையையும் முதுகையும் சேர்த்து அடிச்சிட்டா கீலும் அதுதான், மழை இறங்காம தடுக்கிறதும் அதுதான். முன்னால ஒரு கொக்கி.

எட்டு, பத்தடி உயரத்துல, சன்ஷேடுக்கு அடியில, மேற்கு வெயில் படாத சுவர்ல மாட்டுங்க. பூனை தாவுற மதில் பக்கத்துல வேண்டாம். ஃபேன் ஓடுற அறைக்குள்ள வேண்டவே வேண்டாம். சிட்டுக்குருவி கூட்டமா வாழுறது, அதனால ரெண்டு மூணு பெட்டியா வச்சா இன்னும் நல்லது.

அப்புறம் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்காதீங்க. பெரிய குருவி அரிசி, கம்பு தின்னும். ஆனா குஞ்சுக்குப் புழு பூச்சிதான் சோறு.

முதல்ல ஆண்குருவி வந்து ஓட்டைப் பக்கத்துல உக்காந்து விடாம கத்தும், தொண்டையில கறுப்பு இருக்கும். ஜோடி சேர்ந்துச்சுன்னா வைக்கோல், நூல், கோழி இறகுன்னு வர ஆரம்பிக்கும். முட்டை பொரிய ரெண்டு வாரத்துக்குள்ள, குஞ்சு பறக்க இன்னும் ரெண்டு வாரம். அதுவரைக்கும் மூடியைத் திறக்காதீங்க. வீட்டுப் பிள்ளைங்க கெஞ்சினாலும் திறக்காதீங்க.

இது நேத்து காலையில ஆறரைக்கு எடுத்தது. சத்தத்தைக் கூட்டி வச்சுக் கேளுங்க.

(திரையில்: பெட்டியின் ஓட்டையில் வைக்கோல் நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. குருவிச் சத்தம்.)