டாமி ஜானின் இடது கை

நேயர்களுக்கு வணக்கம். கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டினால் அது எறி, விதிப்படி தவறு. பேஸ்பாலில் அந்த எறிதான் தொழிலே. மடங்கிய கை முன்னால் பாயத் தொடங்கும் நொடியில் முழங்கையின் உள்பக்கம் பிளந்துகொள்ளப் பார்க்கும். அதைப் பிடித்துவைத்திருப்பது ஒரு சிறிய லிகமென்ட், அதாவது எலும்பை எலும்போடு இணைக்கும் நார்.

1974 ஜூலை 17. லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடதுகை வீச்சாளர் டாமி ஜான், அந்த ஆண்டில் 13 வெற்றி, 3 தோல்வி என்று உச்சத்தில் இருந்தவர். பேஸ்பாலில் அணியின் வெற்றி தோல்வியை வீச்சாளர் பெயரிலும் எழுதுவார்கள். மாண்ட்ரியால் அணிக்கு எதிரே வீசும்போது அந்த லிகமென்ட் அறுந்தது. அதுவரை, அறுந்தால் ஆட்டம் முடிந்தது என்றுதான் பொருள்.

இப்போது கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்று உள்ளே மடக்குங்கள். வண்டி ஓட்டுபவர்கள் அப்புறம் செய்யலாம். நடுவில் கயிறாக ஒன்று எழும்புகிறதா? அது ஒரு தசைநாண், தசையின் முனையில் இருக்கும் நாண். சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது. அதனால் கைவேலை எதுவும் கெடாது. எடுத்தாலும் நஷ்டமில்லை என்பதால்தான், ஜானின் அறுந்த லிகமென்ட்டுக்குப் பதிலாக வைக்க, டாட்ஜர்ஸ் அணியின் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதைத் தேர்ந்தெடுத்தார். செப்டம்பர் 25 அன்று ஜானின் வலது மணிக்கட்டிலிருந்து அதை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்துக் கட்டினார். மீண்டு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றே சொல்லியிருந்தார்.

சிக்கலும் வந்தது. முழங்கை இடித்தால் சுண்டுவிரல்வரை சுர்ரென்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு பாதிக்கப்பட்டு விரல்கள் வேலைசெய்ய மறுத்தன. டிசம்பரில் இன்னொரு அறுவை. 1975 முழுக்க அவர் லீக்கில் ஆடவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த அறுவை செய்தால் வேகம் கூடும் என்று நம்புகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். நல்ல கையோடு இருக்கும் பிள்ளைக்கே செய்யலாமா என்று கேட்கும் பெற்றோர்கூட உண்டு. கூடவே கூடாது! கட்டிய நாண் முதலில் ரத்த ஓட்டமே இல்லாத வெறும் இழை. அதற்குள் ரத்தக் குழாய்கள் வளர்ந்து, அது மெல்ல லிகமென்ட்டாக மாற மாதக்கணக்காகும். இன்றைக்கும் வீச்சாளர் திரும்ப 12 முதல் 18 மாதம் பிடிக்கிறது. அவசரப்பட்டால் மறுபடி அறுந்துவிடும். மறுபடியும் சொல்கிறேன், வேகம் தருவது கத்தி இல்லை.

ஜான் வேகத்தை நம்பியவரும் இல்லை. அவருடைய ஆயுதம் சிங்கர்: மட்டையருகே வந்ததும் தாழும் பந்து. மட்டை பந்தின் மேல்பாதியில்தான் படும். பந்து தரையில் உருளும். மீதியைக் களவீரர்கள் பார்த்துக்கொள்வார்கள். 1976இல் 10 வெற்றி, 10 தோல்வி. 1977இல் 20 வெற்றி. 1989இல் 46 வயதில் ஓய்வுபெற்றபோது மொத்தம் 288. அதில் 164 அறுவைக்குப் பிறகு வந்தவை.

பந்தைப் பிடிக்கும் முறைகளையும் சொல்ல நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. வெளிநாட்டில் பிள்ளைகளை இந்த ஆட்டத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரே ஒரு கணக்கு: லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பின் விதிப்படி 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 வீச்சுதான். 66ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. வணக்கம்.