விடைபெற்றுச் சென்றவர்களுக்காகப் பேசுவது

அவையோருக்கும் வரலாற்றுத் துறை மாணவர்களுக்கும் என் வணக்கம்.

உங்களில் சிலர் வரும் விடுமுறையில் சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் பயிற்சி பெற விரும்புவதாக அறிந்தேன். கேரளத்தில் சேந்தமங்கலத்திலும் வடக்குப் பரவூரிலும் உள்ள பழைய யூதப் பள்ளிகள், அதாவது யூதர்களின் வழிபாட்டிடங்கள், இன்று அச்சமூகத்தின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகங்களாக விளங்குகின்றன. அவற்றை மனத்தில் வைத்தே பேசுகிறேன். பெரிய நிறுவனங்களில் பயிற்சியாளரின் வேலை பெரும்பாலும் பொருட்பதிவேட்டோடு நின்றுவிடும். சிறிய இடத்திலோ, பார்க்க வருபவருக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பும் அவரையே வந்து சேரும். அங்கே தொழுத குடும்பங்கள் கடல் கடந்து சென்றுவிட்டதால், அவர்கள் சார்பில் பேசப்போவது நீங்கள்தாம்.

சேந்தமங்கலம் பள்ளியின் முன்னே, இஸ்ரேலின் மகள் சாரா என்பவரின் கல்லறைக் கல் நிற்கிறது. 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல், இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழமையானதாகக் கருதப்படுகிறது. உள்ளே கூடத்தின் நடுவில் மறைநூல் வாசிக்கும் மேடை ஒன்று, மாடியில் மற்றொன்று. மாடியிலேயே தடுப்புக்கு அப்பால் பெண்கள் அமரும் பகுதி. இரண்டு மேடைகள் கேரளப் பள்ளிகளுக்கே உரிய அமைப்பு. பரவூரில் தோரா என்னும் யூத மறைநூலின் சுருள்களுக்கான பேழையைக் காட்டும்போது, அது பிரதி என்பதையும் மூலப் பேழை எருசலேமில் இருப்பதையும் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

தமிழ் மாணவர்களுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த செப்பேடு, பழந்தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்தில் அமைந்தது. பகல் விளக்கு, பாவாடை (நடக்கும் வழியில் விரிக்கும் துணி), குடை, வடுகப்பறை, தோரணம் என அதில் வரும் உரிமைகளின் பெயர்களை, வட்டெழுத்துப் பயின்ற எவரும் அகராதி இல்லாமலே படித்துவிடலாம்.

இந்தச் செப்பேட்டைப் பற்றிக் கேட்டவுடன், "இவ்வளவு மதிப்போடு வாழ்ந்தவர்கள் ஏன் போனார்கள்?" என்பார்கள் வந்தவர்கள். நான் பயிற்சியில் இருந்தபோது அதிகம் எதிர்கொண்ட கேள்வி இதுதான். நம் மண் வந்தாரை வாழவைத்தது என்று சொல்லி முடித்துவிட ஆசை வரும். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துகீசியரால் பட்ட துன்பத்தையும், சமூகத்துக்குள்ளேயே நிலவிய ஒதுக்குதலையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கொச்சியின் மட்டாஞ்சேரியில் வெளிநாட்டிலிருந்து வந்த யூதர்கள் 1568இல் கட்டிய பரதேசிப் பள்ளியில், அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வழிவந்தோருக்கு நெடுங்காலம் சம உரிமை இல்லை. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம், காந்திய வழியில் அதை எதிர்த்துப் போராடினார்.

1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டதற்குச் சமயப் பற்றும் பொருளாதார நிலையும் காரணங்கள். போவதும் எளிதாக இருக்கவில்லை. யானைக்கால் நோய் பரவிவிடுமோ என்று அந்நாட்டு அதிகாரிகள் அஞ்சியதால், சொத்துகளை விற்றுவிட்ட குடும்பங்களும் காத்திருக்க நேர்ந்தது. பின்னர் அவர்களில் பலர் நெகேவ் பாலைநிலத்தில் நெவாதிம் போன்ற வேளாண் குடியிருப்புகளில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். அந்தப் பயணத்துக்காகப் பாடுபட்டவர்களுள் ஒருவரான சேலம் தாம் மட்டும் போகவில்லை. கொச்சியிலேயே வாழ்ந்து 1967இல் மறைந்தார். கேட்பவர்களுக்கு இதையும் விடாமல் சொல்லுங்கள்.