பேட்டரி நிறைந்ததும் ரிலே ஏன் டக் டக் என்று அடிக்கிறது?

சரி, அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்குச் சொந்தமாகச் சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், அதாவது பேட்டரி நிறைந்ததும் சோலார் பேனலைத் துண்டிக்கும் போர்டு, செய்திருக்கிறார். இரண்டு வோல்டேஜை ஒப்பிட்டுப் பார்க்க எல்எம்358 ஐசி, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சாக ஒரு ரிலே, அவ்வளவுதான். 14.4 வோல்ட் வந்ததும் ரிலே பேனலைத் துண்டிக்கிறது, உடனே சேர்க்கிறது, மறுபடி துண்டிக்கிறது. "டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. ரிலே கெட்டுவிட்டதா? கெபாசிட்டர் போட்டால் நிற்குமா?" என்கிறார்.

ரிலே மேல் பழி போடாதீர்கள். நானும் என் முதல் போர்டில் இரண்டு ரிலேயை மாற்றிப் பார்த்தவன்தான்.

நடப்பது இது. பேனலிலிருந்து 10 ஆம்பியர் வருகிறது என்று வையுங்கள். போர்டிலிருந்து பேட்டரி வரை போகும் ஒயரின் ரெசிஸ்டன்ஸ் 0.05 ஓம்தான் இருக்கட்டும். அதிலேயே அரை வோல்ட் விழுகிறது. போர்டில் 14.4 தெரியும்போது பேட்டரி டெர்மினலில் 13.9தான். ரிலே துண்டித்த நொடியில் கரன்ட் இல்லை, அந்த அரை வோல்ட்டும் இல்லை. பேட்டரியின் சொந்த வோல்டேஜும் கொஞ்சம் இறங்கும். "இன்னும் நிறையவில்லையே" என்று ஐசி திரும்பச் சேர்த்துவிடும். பாவம், சொன்ன வேலையைத்தான் செய்கிறது.

கெபாசிட்டர் போட்டால் டக் டக் மெதுவாகும், நிற்காது. ஒவ்வொரு முறை டிசி கரன்டைத் துண்டிக்கும்போதும் கான்டாக்டில் தீப்பொறி வரும். கறுத்துப்போய் ஒருநாள் ஒட்டிக்கொண்டால் சார்ஜிங் நிற்கவே நிற்காது.

வழி, ஹிஸ்டெரிசிஸ். துண்டிக்கும் வோல்டேஜுக்கும் திரும்பச் சேர்க்கும் வோல்டேஜுக்கும் நடுவே இடைவெளி விடுவது. நீங்கள் அனுப்பிய சர்க்யூட் படத்தில் பேட்டரி வோல்டேஜ் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஐசியின் 3-ஆம் காலுக்கு வருகிறது, ஒப்பிட்டுப் பார்க்கும் மாறாத வோல்டேஜ், அதாவது ரெஃபரன்ஸ், 2-ஆம் காலில் இருக்கிறது. ஐசியின் அவுட்புட்டான 1-ஆம் காலிலிருந்து 3-ஆம் காலுக்கு ஒரு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ஏறக்குறைய 1.2 வோல்ட் இடைவெளி கிடைக்கும், 14.4-இல் துண்டித்தால் 13.2 பக்கம் வந்துதான் சேரும். இதைப் போட்டதும் பழைய செட்டிங் நகர்ந்திருக்கும், பிரிசெட்டை, அதாவது திருப்பி அளவு மாற்றும் சின்ன ரெசிஸ்டரை, திருப்பி மறுபடி 14.4 வையுங்கள்.

அப்புறம், வோல்டேஜ் பார்க்க மட்டும் பேட்டரி டெர்மினலிலிருந்து தனியாக இரண்டு மெல்லிய ஒயர் இழுங்கள். அதில் கரன்ட் அநேகமாக ஓடாது, அதனால் வோல்டேஜும் விழாது. டெர்மினல் பக்கத்திலேயே சின்ன ஃப்யூஸ் ஒன்று. லித்தியம் பேட்டரிக்கு இந்த சர்க்யூட் வேண்டாம், அது வேறு கதை.

பேட்டரியில் மாட்டும் முன் வேரியபிள் பவர் சப்ளையில் பாருங்கள். மெல்ல ஏற்றினால் 14.4-இல் ஒரே ஒரு டக். மெல்ல இறக்கினால் 13.2 வரை சத்தமே வரக்கூடாது. மாட்டும்போது முதலில் பேட்டரி, கடைசியில் பேனல். பேட்டரி இல்லாமல் பேனலை மாட்டினால் போர்டுக்கு 21 வோல்ட் வரை போய்விடும்.