வயல் குறிப்பேட்டுக்கு ஒரு பரிசு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பட்டமளிப்பு விழா முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். என் மாணவன் ஒருவனின் தந்தை, மகன் வாங்கிய பதக்கத்தைக் கையில் ஏந்தியபடி என்னிடம் வந்தார். நெல் விவசாயி. பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எந்தப் பயிருக்காகக் கொடுத்தது?" என்று கேட்டார். எந்தப் பயிருக்காகவும் இல்லை, நான்கு ஆண்டுத் தேர்வுகளில் எடுத்த மொத்த மதிப்பெண்ணுக்காக என்று சொன்னேன். "அப்படியா, சந்தோஷம்" என்றார். அவர் மகிழ்ச்சி உண்மையானதுதான். ஆனால் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. வேளாண்மையிலும் உயிரியலிலும் நாம் மாணவர்களுக்குத் தரும் பரிசுகளைப் பற்றி இன்று பேச வந்திருப்பதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

இந்தப் பரிசுகளில் பெரும்பாலானவை எப்படிப் பிறக்கின்றன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மறைந்த தாய் தந்தையர் நினைவாகவோ, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பெயராலோ யாராவது ஒரு தொகையைப் பல்கலைக்கழகத்தில் கட்டுகிறார்கள். அது வங்கியில் வைப்புநிதியாகக் கிடக்கும். ஆண்டுதோறும் வரும் வட்டியில் பதக்கம் செய்வார்கள். 10,000 ரூபாய்க்கு நூற்றுக்கு எட்டு வட்டி என்றாலும் ஆண்டுக்கு 800 ரூபாய்தான். தங்கம் விற்கும் விலையில் அதைக் கொண்டு முலாம்தான் பூச முடியும். அதில் எனக்கு வருத்தமில்லை. பரிசின் பெருமை உலோகத்தில் இல்லை. எதைப் பார்த்துக் கொடுக்கிறோம் என்பதில்தான் என் வருத்தம். "இன்ன பாடத்தில் முதல் மதிப்பெண் பெறுபவருக்கு" என்று விதியில் ஒரு வரி எழுதிவிட்டால் வேலை எளிது. யாரும் கேள்வி கேட்க முடியாது. அந்த எளிமைக்காகவே அந்த வரி மீண்டும் மீண்டும் எழுதப்படுகிறது.

முதுகலை படிக்க வந்த ஒரு மாணவியை நினைத்துக்கொள்கிறேன். சம்பா நெல்லில் இலைச்சுருட்டுப் புழுவைக் கட்டுப்படுத்தும் மூன்று முறைகளை ஒப்பிட்டாள். எதுவும் தெளிக்காமல் விட்ட பாத்தியையும் சேர்த்தால் நான்கு. ஒவ்வொன்றையும் ஐந்து இடங்களில் திரும்பச் செய்தாள். ஆக 20 பாத்திகள். எந்தப் பாத்திக்கு எந்த முறை என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு செய்தாள். மேட்டுப் பாத்தி, மடையோரப் பாத்தி என்ற வேறுபாடு முடிவைக் கெடுக்கக் கூடாது அல்லவா? கார்த்திகை மழையில் தாழ்வான பக்கத்து 6 பாத்திகள் நான்கு நாள் நீரில் மூழ்கிக் கிடந்தன. மற்றப் பாத்திகளின் சராசரியைப் போட்டு அந்த இடங்களை நிரப்பிவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று அவளுக்கு யோசனை சொன்னவர்கள் உண்டு. அவள் நிரப்பவில்லை. ஆறு கட்டங்களையும் வெறுமையாக விட்டு, காரணத்தை ஆய்வேட்டில் எழுதினாள். மூன்று முறைகளுக்கும் இடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை என்றும் எழுதினாள்.

அவள் குறிப்பேட்டில் வேறொன்று இருந்தது. வெள்ளம் வந்தபோது, பயிர்ப் பூச்சிகளைத் தின்னும் சிலந்திகள் வரப்புப் புல்லில் ஏறித் தப்பியிருந்தன. நீர் வடிந்ததும் வரப்பையொட்டிய நெற்குத்துகளுக்கு அவை முதலில் திரும்பின. நாள் போட்டு, குத்துக் குத்தாக எண்ணி வைத்திருந்தாள். யாரும் எண்ணச் சொல்லவில்லை. வரப்பைச் சுத்தமாகச் செதுக்கிவிடும் நம் பழக்கத்தைப் பற்றி ஒரு விவசாயியிடம் பேச அந்த ஒரு பக்கம் போதும். அவளுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. கொடுப்பதற்கு அப்படியொரு பரிசே இல்லை.

சரியான நேரத்தில் கிடைக்கும் ஆதரவு என்ன செய்யும் என்பதற்கு நம் கோயம்புத்தூரோடு தொடர்புள்ள ஒரு சான்று உண்டு. தலச்சேரியில் 1897-இல் பிறந்த தாவரவியலாளர் ஜானகி அம்மாள், சென்னையில் மகளிர் கல்லூரி ஒன்றில் கற்பித்துக்கொண்டிருந்தார். ஆசியப் பெண்களுக்காக அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. அங்கே 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்து, கரும்பை மக்காச்சோளம் உள்ளிட்ட மற்றப் புல்லினங்களோடு கலந்து ஆராய்ந்தார். பின்னாளில் அவர் சாதிக்கப்போவது எதுவும் அந்த உதவித்தொகையைக் கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்க முடியாது. தெரியாமலே நம்பிக் கொடுத்தார்கள்.

கும்பகோணத்தில் பிறந்து, கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் படித்த எம்.எஸ். சுவாமிநாதனை எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க வேளாண் அறிவியலாளர் நார்மன் போர்லாக் ஏற்படுத்திய உலக உணவுப் பரிசை 1987-இல் முதன்முதலாகப் பெற்றவர் அவர். அந்தப் பணத்தைக் கொண்டு 1988-இல் சென்னையில் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். போர்லாக்கின் பெயரிலேயே, நாற்பது வயதுக்குட்பட்டவர்களின் களப்பணிக்கென்று தனியாக ஒரு விருது இருக்கிறது. 2023-இல் அதை வாங்கியவர் ஒடிசாவைச் சேர்ந்த சுவாதி நாயக். வறட்சி தாங்கும் நெல் விதையை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். அந்த மக்கள் அவரை விதை அக்கா என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். அந்த விவசாயத் தந்தை இந்த விருதைப் பற்றிக் கேட்டிருந்தால், எந்தப் பயிருக்கு என்று என்னால் சொல்லியிருக்க முடியும்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் ஜவாஹர்லால் நேரு விருது வழங்கிவந்திருக்கிறது. மிக நல்ல விருது. ஆனால் அது வரை போகாத, முதுகலையோடு ஊர் திரும்பிவிடும் பிள்ளைகள்தான் மிகுதி.

ஓய்வுபெற்றபோது என் மனைவியும் நானும் ஒரு சிறு தொகையைக் கட்டினோம். விதியில் மதிப்பெண் என்ற சொல்லே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம். ஆண்டின் சிறந்த வயல் குறிப்பேட்டுக்குப் பரிசு. தோற்றுப்போன சோதனையானாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நடுவர் மூவரில் ஒருவர் விவசாயியாக இருக்க வேண்டும். அலுவலகத்தில் இரண்டு முறை கோப்பு திரும்பி வந்தது. மூன்றாம் முறை ஒப்புக்கொண்டார்கள்.

முதல் ஆண்டு 11 குறிப்பேடுகள் வந்தன. நடுவர்கள் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து படித்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த குறிப்பேட்டின் பாதிப் பக்கங்களில் மழை பட்டு மை கரைந்திருந்தது. ஓரிடத்தில் காய்ந்த தண்டுத்துளைப்பான் அந்துப்பூச்சி ஒன்று ஒட்டியிருந்தது. விவசாயி நடுவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "இந்தத் தேதியில்தான் எங்கள் வயலிலும் வந்தது" என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.