பேருக்கு டைரக்டர்னு ஒருத்தரைப் போட்டுட்டு

வணக்கம். இங்க பிரிட்டன்ல சின்னச் சின்ன லிமிடெட் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுற வேலை எனக்கு. இப்பல்லாம் ஆபீஸுக்கு வர்ற போன்ல முக்கால்வாசி ஒரே கேள்விதான், டைரக்டரெல்லாம் அடையாளத்தை நிரூபிக்கணுமாமே, இத்தனை வருஷமா வரி கட்டிட்டு இருக்கேன், திடீர்னு என்னை நீ யாருன்னு கேட்டா எப்படின்னு. அந்தக் கோபம் எனக்குப் புரியுது. ஆனா நான் இதை வேற பக்கத்துல இருந்து பாத்தவ, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சில வருஷம் முன்னாடி எங்க வீட்டு வாசல்ல ஒரு பழுப்புக் கவர் கெடந்துச்சு. வீட்டு நம்பர், போஸ்ட்கோட் எல்லாம் எங்களோடது, பேர் மட்டும் கேள்வியே படாத ஒரு கம்பெனி. தப்பா வந்திருக்கும்னு ஓரமா வச்சேன், மறுநாள் இன்னொண்ணு வந்துச்சு, அடுத்த வாரம் அஞ்சு, அதுல ஒண்ணு கடன் வசூல் பண்றவங்களோடது. தேடிப் பாத்தா யாரோ எங்க வீட்டை ரிஜிஸ்டர்ட் ஆபீஸ்னு, அதாவது கம்பெனியோட அதிகாரபூர்வ அட்ரஸ்னு போட்டு, கம்பெனி தொடங்கியிருக்காங்க. கதவைத் தட்டி சாமானைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களோன்னு எங்கம்மா ராத்திரியெல்லாம் தூங்கல. ஆர்பி07னு ஒரு ஃபார்ம் இருக்கு, அதைப் போட்டுத்தான் அட்ரஸை எடுக்க வச்சேன். இந்தத் தொழில்ல இருக்குற எனக்கே அவ்வளவு அலைச்சல்னா, எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்கு அந்தக் கவர் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இது எப்படி நடந்துச்சுன்னா, கம்பெனிகளைப் பதிவு பண்ற அரசாங்க ஆபீஸான கம்பெனிஸ் ஹவுஸ், அப்போ வர்ற தகவலை வாங்கி ரிஜிஸ்டர்ல ஏத்துற இடம், அவ்வளவுதான். உண்மையான்னு சரிபார்க்குற அதிகாரம் அவங்களுக்குக் கிடையாது. ஆன்லைன்ல 12 பவுண்டு கட்டினா கம்பெனி ரெடி. 2013ல ஒருத்தர் இந்த ஓட்டையைக் காட்டணும்னே அன்னிக்கு பிசினஸ் மந்திரியா இருந்த வின்ஸ் கேபிளையே டைரக்டரா போட்டு ஒரு கம்பெனி பதிவு பண்ணினார், அதுவும் பதிவாயிடுச்சு. மந்திரிக்கே கடிதம் எழுதி இதைச் சொல்லவும் செஞ்சார். கடைசில பொய்த் தகவல் கொடுத்ததுன்னு 2018ல கோர்ட்ல தண்டனை வாங்கினது அவர்தான், அபராதம் செலவெல்லாம் சேர்த்து 12,000 பவுண்டுக்கு மேல. நிஜமாவே ஏமாத்தினவங்க எத்தனையோ பேர் வெளிய இருக்க, ஓட்டையைக் காட்டினவருக்குத் தண்டனை. எனக்கு அது இன்னிக்கும் ஆறல.

அப்புறம்தான் 2023 அக்டோபர்ல பொருளாதாரக் குற்றத்துக்கான புதுச் சட்டம் வந்துச்சு. 2024 மார்ச் 4லேர்ந்து கம்பெனிஸ் ஹவுஸுக்குக் கேள்வி கேக்கவும், சரியில்லாததைத் திருப்பி அனுப்பவும் அதிகாரம் கிடைச்சுது, வெறும் பிஓ பாக்ஸை ஆபீஸ் அட்ரஸா கொடுக்க முடியாதுன்னு ஆச்சு. 2025 நவம்பர் 18லேர்ந்து அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். புதுசா கம்பெனி தொடங்கினாலோ புது டைரக்டரா சேர்ந்தாலோ முதல்லயே வெரிஃபை பண்ணியிருக்கணும். ஏற்கனவே டைரக்டரா இருக்குறவங்களுக்கு, அந்த நவம்பர்லேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள உங்க கம்பெனியோட கன்ஃபர்மேஷன் ஸ்டேட்மென்ட், அதாவது விவரமெல்லாம் சரிதான்னு வருஷா வருஷம் அனுப்புற அறிக்கை, எப்ப போகணுமோ அப்போ. அந்தத் தேதி ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற வேற, பக்கத்து வீட்டுக்காரருக்கு அடுத்த மாசம்தானாம்னு நீங்க உக்காந்துட்டு இருக்கக் கூடாது.

ஓனர்களுக்கும் இது உண்டு. 25 சதவீதத்துக்கு மேல ஷேரோ ஓட்டு உரிமையோ இருக்குறவங்களை பிஎஸ்சின்னு சொல்லுவோம், அதாவது கம்பெனி யார் கைக்குள்ள இருக்கோ அவங்க. வெரிஃபை பண்ணினதும் உங்களுக்கு ஒரு கோடு (அடையாளக் குறியீடு) வரும், டைரக்டராவும் பிஎஸ்சியாவும் இருந்தா அதே கோடை ரெண்டுக்கும் தனித்தனியா கொடுக்கணும், பிஎஸ்சிக்கானதை ஸ்டேட்மென்ட் தேதியிலேர்ந்து 14 நாளைக்குள்ள. டைரக்டர் இல்லாம பழைய பிஎஸ்சி மட்டும்னா, நீங்க பிறந்த மாசத்தோட முதல் 14 நாள். இப்படி ரெண்டாவது தடவை கொடுக்குறதைத்தான் நிறைய பேர் மறந்துடுறாங்க, ஒரு தடவை கொடுத்தாச்சேன்னு விட்டுடுறாங்க.

பண்றது கஷ்டமில்ல. அரசாங்கத்தோட ஒன் லாகின்ங்கிற ஆன்லைன் கணக்கு மூலமா பண்ணினா காசு கிடையாது. சிப் வச்ச பாஸ்போர்ட்டா இருந்தா, போன் கவரைக் கழட்டிட்டு போனை பாஸ்போர்ட் மேல படுக்க வச்சு அசைக்காம வச்சிருக்கணும், அவசரமா எடுத்து எடுத்துப் பாத்தீங்கன்னா ரீட் ஆகாது, அப்புறம் முகத்தை ஸ்கேன் பண்ணணும். போன் சரியில்லைன்னா ஆன்லைன்ல விவரத்தைக் கொடுத்துட்டு போஸ்ட் ஆபீஸுக்குப் போகலாம், இல்லைன்னா பதிவு பெற்ற ஏஜென்ட் மூலமா பண்ணலாம், அதுக்கு அவங்க ஃபீஸ் கேக்கலாம். முடிஞ்சதும் எழுத்தும் நம்பருமா 11 இலக்கத்துல ஒரு கோடு வரும். அது ஆளுக்குச் சொந்தம், கம்பெனிக்கு இல்ல, நீங்க நாலு கம்பெனில டைரக்டரா இருந்தாலும் அதே ஒரு கோடுதான். பேங்க் பின் மாதிரி பத்திரமா வச்சுக்கோங்க, உங்களுக்காக ஃபைல் பண்றவங்களைத் தவிர யார்கிட்டயும் கொடுக்காதீங்க. மெசேஜ்ல லிங்க் வந்தா அதைத் தட்டாம நீங்களே கவர்மென்ட் சைட்டுக்குப் போங்க.

நம்ம ஆளுங்களுக்குத் தனியா ஒண்ணு சொல்லணும், பேர். நமக்கு சர்நேம்னு ஒண்ணு கிடையாது, பாஸ்போர்ட்ல அப்பா பேர் சர்நேமா உக்காந்திருக்கும், பேங்க்ல இனிஷியல் இருக்கும், கம்பெனி ரிஜிஸ்டர்ல அன்னிக்கு ஃபார்ம் நிரப்பினவர் புருஷன் பேரைப் போட்டிருப்பார், மூணும் ஒரே ஆள்தான்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும். அதனால முதல்ல ரிஜிஸ்டர்ல உங்க பேரைத் தேடுங்க, இலவசம்தான், பிறந்த மாசமும் வருஷமும் அங்கேயே தெரியும், பாஸ்போர்ட்டைப் பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா பாருங்க. தப்பா இருந்தா கடைசி நாள் வரைக்கும் இழுக்காம இப்பவே திருத்துங்க. கெடு தாண்டியும் வெரிஃபை பண்ணாம டைரக்டரா தொடர்ந்தா அது குற்றம், அபராதம் வரும், கம்பெனியோட ஸ்டேட்மென்ட்டும் போகாது.

இதுல எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. ஐடி சரியா இருக்குறதால ஒருத்தர் நாணயமானவர்னு ஆகிடாது. ஆனா ஒண்ணு நடக்குது, அதுதான் எனக்குப் பெருசு. நம்ம வீடுகள்ல எத்தனை அம்மாக்களும் மனைவிகளும் பேருக்கு டைரக்டரா இருக்காங்க, சும்மா ஒரு கையெழுத்துதான்மான்னு போட வச்சிருப்பாங்க. கம்பெனி கடன்ல மூழ்கினாலும் கணக்கு போகலைன்னாலும் பதில் சொல்ல வேண்டியவங்க அவங்களும்தான்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இப்போ அவங்க முகம், அவங்க பாஸ்போர்ட் இல்லாம நடக்காது.

போன மாசம் அப்படி ஒரு அம்மா வந்தாங்க, பையன் காரை விட்டு இறங்கல, நீங்களே முடிச்சுக் கொடுத்துடுங்கன்னுட்டான். போனை அவங்க கையிலயே கொடுத்து, நான் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணா சொன்னேன். கோடு வந்துச்சு, பையில இருந்து சின்ன நோட்டை எடுத்து நிதானமா எழுதிக்கிட்டாங்க. அப்புறம் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, என் கம்பெனில என்னதான் நடக்குது, காட்டு பாப்போம்னாங்க. ஸ்க்ரீனைத் திருப்பிக் கணக்கைக் காட்டினேன், பாதி ஷேர் அவங்க பேர்ல இருக்குறதே அப்பதான் அவங்களுக்குத் தெரியும். பையன் மூணு தடவை போன் அடிச்சான். இருடா, பாத்துட்டு வர்றேன்னு வச்சுட்டு, அடுத்த பக்கத்தைக் காட்டச் சொன்னாங்க.